காணாமல் போன காது மிஷின்

காலை மணி பத்தேகால். தலைமையாசிரியர் அறையின் மேஜைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்த எழுத்தாளர் தீர்த்தம்மாள், மூடியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

சோப்பு டப்பா அளவுள்ள பெட்டி. உள்ளே இரண்டு குழிகள். குழிக்கு ஒன்றாக இரண்டு காதுக்கருவிகள் இருந்திருக்க வேண்டும். இரண்டுமே இல்லை.

“காணோமே,” என்றார் அவர். தம் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒரு சொல் வராந்தா வரைக்கும் கேட்டது.

தமிழாசிரியை சுகுணா ஓடிவந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காரிமங்கலத்துக்கு அப்பால் சாலையோரம் இருந்த அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இதற்கு முன் எந்த எழுத்தாளரும் வந்ததில்லை. தீர்த்தம்மாளின் குழந்தைக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் அட்டை கிழியும்வரை படித்திருந்தார்கள். போனில் கெஞ்சி, தேதி வாங்கி, தன் வீட்டிலேயே தங்கவைத்து, அவரை இங்கே கூட்டிவந்ததே சுகுணாதான். வெளியே சாமியானாவுக்குக் கீழே பள்ளி முழுக்க உட்கார்ந்திருந்தது. ஆளாளுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்.

கேட்டால் யார் காதில் விழும்?

நாற்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் தீர்த்தம்மாளின் செவியைக் கொண்டுபோய்விட்டது. கருவியை மாட்டினால் எல்லாம் கேட்கும். கழற்றினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வார். அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் சவுரியப்பன் நல்ல மனிதர். ஆனால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

“அம்மா பையை உள்ள கொண்டாந்தது யாரு?”

“மலர்விழி சார்,” என்றாள் சுகுணா.

“கூட யாராவது இருந்தாங்களா?”

“இல்லீங்க சார். நாம எல்லாம் கேட் வாசல்ல மாலை போட்டுட்டு இருந்தோம்.”

“அப்ப வேற யாரு டீச்சர்?”

மலர்விழி ஒன்பதாம் வகுப்பு. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து செங்கல் சூளையில் வேலை செய்யும் முனியம்மாளின் மகள். போன வருடம் பக்கத்து இருக்கைப் பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் தானாகவே திருப்பிக் கொடுத்தவள். கொடுத்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எடுத்ததை ஒருவரும் மறக்கவில்லை. ஆனால் பள்ளியிலேயே கதை சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இன்றைய விழாவில் எழுத்தாளருக்கு முன்னால் கதை சொல்ல சுகுணா தேர்ந்தெடுத்திருந்ததும் அவளைத்தான்.

அவளைக் கூப்பிட்டு வந்தார்கள். எடுக்கவில்லை என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். சவுரியப்பன் அவளுடைய புத்தகப் பையை வாங்கி, சுகுணா தடுப்பதற்குள், தரையில் தலைகீழாகக் கொட்டினார்.

புத்தகங்கள், சாப்பாட்டுத் தட்டு, பாதி கடித்த கொய்யா, ஒரு சிவப்பு ரிப்பன். கடைசியாகச் செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று. அது என்னவென்று புரிந்ததும் சவுரியப்பன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலர்விழி அழவில்லை. குனிந்து அந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்துத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

வாசற்படியில் சுகுணாவின் கணவன் கதிரவன் நின்றிருந்தான். விருந்தினரைத் தன் காரில் அழைத்துவந்தவன் அவன்தான். அவன் பார்வை தரையிலேயே இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் பை கொட்டப்படுவதைப் பார்க்கக் கூசுகிறான் என்று சுகுணா நினைத்தாள்.

கருவிகள் அந்தப் பையில் இல்லை.

எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பாள், அவள் அம்மாவை வரச்சொல்லுங்கள், அப்படியும் வாய் திறக்காவிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடலாம் என்றார் சவுரியப்பன். லட்சத்துக்குப் பக்கத்தில் விலை பெறும் பொருளாம். விட்டுவிட முடியுமா?

ஒரு விஷயம் சுகுணாவை உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டி இருந்த அதே துணிப்பையில் தீர்த்தம்மாளின் மணிபர்ஸ் இருந்தது. கைக்கடிகாரம் இருந்தது. இரண்டையும் யாரும் தொடவில்லை. தொட்டது காது மிஷினை மட்டும். அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

அவள் எழுத்தாளருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்விகளைத் தன் கைப்பேசியில் தட்டித் தட்டிக் காட்டினாள். அவர் வாயால் பதில் சொன்னார்.

கடைசியாக அதைப் பார்த்தது எப்போது?

“ராத்திரி படுக்கறப்போ கழட்டிப் பெட்டியில வெச்சேன். அதுலயே சார்ஜ் ஏறும். காலையில திறக்கலை. கார்ல காத்துச் சத்தம் காதைப் பிளக்கும். இங்க வந்து மாட்டிக்கலாம்னு பெட்டியை அப்படியே பையில போட்டேன்.”

வேறு யாராவது மாட்டிக்கொள்ள முடியுமா?

“என் காதுக்கு அச்சு எடுத்துச் செஞ்சதும்மா. இன்னொருத்தர் காதுல உட்காராது.”

சுகுணா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். நேற்று மாலை முதல் நடந்தவை ஒவ்வொன்றாக வந்து போயின.

நேற்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் அவளும் கதிரவனும் மட்டும்தான். ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தாள். தீர்த்தம்மாள் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காது நன்றாகக் கேட்ட காலத்தில் ஊர் ஊராகப் போய் முகாம்களில் கதை சொன்னதைச் சொன்னார். சித்தேரியில் ஒரு கோடை முழுக்கத் தங்கியிருந்தாராம். அங்கே சொன்ன கதைகள் எதையும் எழுதி வைக்கவில்லையாம். கதிரவன் சின்ன வயதில் சித்தேரியில் வளர்ந்தவன். அவன் அப்பா அங்கே வாத்தியார். சித்தேரி என்று யாராவது வாயெடுத்தால் போதும், அரை மணி நேரம் விடமாட்டான். நேற்று என்னவோ தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரிய எழுத்தாளர் முன்னால் கூச்சம் என்று அவள் நினைத்தாள்.

அப்போதுதான் அவள் பெருமையாக ஒன்றைச் சொன்னாள். இவரும் கதை எழுதுவார், இவர் எழுதிய கதை ஒன்றை நாளைக்கு எங்கள் பிள்ளை உங்களுக்குச் சொல்லப்போகிறாள் என்றாள். கதிரவன் வேண்டாம், அது சின்னப்பிள்ளைத்தனமான கதை, வேறு ஏதாவது சொல்லச் சொல் என்றான். தீர்த்தம்மாள் விடவில்லை. கட்டாயம் கேட்க வேண்டும் என்றார்.

காலையில் தீர்த்தம்மாள் குளிக்கப் போனபோது சுகுணா அடுப்படியில் இருந்தாள். பிறகு கிளம்பினார்கள். சந்தை நாள் என்பதால் காரிமங்கலத்தைத் தாண்டவே நேரமானது. வழி முழுக்கக் காரில் ஏதோ மெல்லிய கீச்சொலி கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று அவள் பின் இருக்கையிலிருந்து கேட்டதற்கு, ஃபேன் பெல்ட் தேய்ந்திருக்கும் என்று சொல்லிக் கதிரவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். முன் இருக்கையில் இருந்த தீர்த்தம்மாள் எதுவும் கேட்காமல் வெளியே மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இவ்வளவுதான் நடந்தது. இதில் திருட்டுக்கு எங்கே இடம்?

அவள் மறுபடி கைப்பேசியை எடுத்தாள். மிஷினைத் தேடிக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

அதைப் படித்ததும் தீர்த்தம்மாள் நிமிர்ந்தார்.

“இருக்கே. எனக்குத்தான் தோணலை. பெட்டியில இருக்கறவரைக்கும் அது தூங்கும். வெளிய எடுத்தா தானா ஆன் ஆயிடும். ஆன்ல இருக்கறப்போ கைக்குள்ளயோ துணியிலயோ மூடினா சில்வண்டு மாதிரி கத்தும். எனக்குக் கேட்காது. உங்களுக்கெல்லாம் கேட்கும். அமைதியா இருந்து கேட்டுப் பாருங்க.”

சவுரியப்பன் வெளியே ஓடினார். மைக்கில் அவர் சொன்னதும், காலையிலிருந்து கூச்சலில் மிதந்த அந்த மைதானம் அடங்கியது. ஐந்தாம் நிமிடம் கேட் பக்கம் சந்தைக்குப் போகும் ஆடு ஒன்று கத்தியதுகூடத் துல்லியமாகக் கேட்டது. ஆசிரியர்கள் வகுப்பு வகுப்பாக, பை பையாகக் காதை வைத்துக் கேட்டார்கள். கழிப்பறைப் பக்கம் போனார்கள். சத்துணவுக் கூடத்துக்குப் போனார்கள். எங்கேயும் எந்தச் சத்தமும் இல்லை.

சுகுணா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில்வண்டு மாதிரி கத்தும். அந்தச் சத்தத்தை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். எங்கே?

மைதானத்தின் அந்த அமைதியில் அது ஞாபகம் வந்தது.

தப்பாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

கதிரவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய்க் கார் சாவியைக் கேட்டாள். எதற்கு என்றான். தண்ணீர் பாட்டில் உள்ளே இருக்கிறது என்றாள். நான் எடுத்து வருகிறேன் என்று எழுந்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சாவியைக் கொடுத்தான்.

கார் பள்ளிக்குப் பின்னால், சைக்கிள் ஷெட்டையும் தாண்டி, புளியமர நிழலில் நின்றது. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிகளை ஏற்றினாள்.

கேட்டது.

ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம், டேஷ்போர்டு அறைக்குள்ளிருந்து, ஊசி முனை போல ஒரு கீச்சொலி. திறந்தாள். கதிரவனின் மூக்குக் கண்ணாடிக் கூடு. அதற்குள் கண்ணாடி இல்லை. கண்ணாடித் துணியில் சுற்றி இரண்டு காதுக்கருவிகள் இருந்தன. வெளியே எடுத்ததும் சத்தம் நின்றது. உள்ளங்கையை மூடினாள். கத்தியது. திறந்தாள். நின்றது. மறுபடி மூடவில்லை.

எடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. எதற்கு? அந்தக் கேள்விக்குப் பதில் தேட அவள் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. அந்த மிஷினால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அது தீர்த்தம்மாளிடம் இல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. இன்று அவர் எதையோ கேட்கக்கூடாது. மேடையில் இன்று புதிதாகக் கேட்கவிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவன் எழுதிய கதை.

சித்தேரி. எழுதி வைக்காத கதைகள். தட்டைப் பார்த்தே சாப்பிட்ட கதிரவன்.

பெண் பார்க்க வந்தபோது அவன் அவளிடம் ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் அவன் கதை வந்திருந்தது. வற்றிப்போன கிணற்றுக்குத் தண்ணீர் தேடிப் போகிற தவளையின் கதை. தவளை மலை தாண்டி ஆற்றைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அங்கேயே தங்காமல், கிணறு தனியாக இருக்குமே என்று திரும்பி வந்து, வற்றிய கிணற்றின் படியில் உட்கார்ந்து மழைக்குக் காத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் சரி என்றாள். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்ற அப்பாவிடம் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டாள். பள்ளி ஆண்டு மலரில் அந்தக் கதையைப் போடவைத்ததும் அவள்தான்.

தலைமையாசிரியர் அறைக்கு அவள் திரும்பியபோது மலர்விழியின் அம்மா முனியம்மாள் வந்திருந்தாள். உடம்பெல்லாம் செம்மண். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வூட்டுல கஞ்சி இல்லேன்னாலும் எம்புள்ள எடுக்காதுங்க சார் என்று சவுரியப்பனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதிரவன் வாசற்படியில் அதே இடத்தில் நின்றான்.

சுகுணா கருவிகளை மேஜைமேல் வைத்தாள். கார்ல இருந்துச்சுங்க சார் என்றாள்.

சவுரியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப விழுந்துருக்கும் டீச்சர். கார் குலுங்குனதுல பையிலிருந்து விழுந்துருக்கும். நல்லதாப் போச்சு. யாரு மேலயும் தப்பில்ல.”

தப்பிக்க ஒரு வழி திறந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விழா நடக்கும். சாயங்காலம் அவள் தன் புருஷனோடு வீட்டுக்குப் போய்விடலாம். சுகுணா மலர்விழியைப் பார்த்தாள். தரையில் அவள் புத்தகங்கள் இன்னும் கொட்டியபடியே கிடந்தன. விழுந்துவிட்டது என்று முடித்துவிட்டால், நாளைக்கும் இந்த ஊர் இவளைத்தான் சொல்லும்.

“விழலைங்க சார்,” என்றாள். “பெட்டி மூடினபடியேதான் இருந்துச்சு. மூடின பெட்டியிலிருந்து ரெண்டும் எப்படி விழும்? விழுந்தாலும் துணியில சுத்திக்கிட்டுக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள போயிருமா? மலர்விழி இந்தப் பையைத் தொடறதுக்கு முன்னாலயே மிஷின் வெளிய வந்துருச்சு. கார்ல வர்றப்பவே அது கத்துச்சு. நான் என் காதால கேட்டேன். பெல்ட்டுன்னு சொல்லி ரேடியோ போட்டாங்க.”

“யாரு?”

“என் வூட்டுக்காரருங்க.”

சவுரியப்பன் கதிரவனைப் பார்த்தார். பிறகு, ஏதோ காதில் சரியாக விழாதவர்போல, மறுபடி சுகுணாவைப் பார்த்தார். தீர்த்தம்மாள் இதற்குள் கருவிகளை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தை அவருக்கும் கேட்டுவிட்டது.

கதிரவன் மறுக்கவில்லை. சின்ன வயதில் சித்தேரி முகாமில் கதை கேட்ட பிள்ளைகளில் அவனும் ஒருவன். தவளைக் கதை தீர்த்தம்மாள் அங்கே சொன்னது. வளர்ந்தபின் தன் பெயரில் எழுதி அனுப்பினான். அச்சில் வந்துவிட்டது. அவர் குளிக்கப் போன நேரத்தில் கருவிகளை எடுத்துவிட்டு, விழா முடிந்ததும் சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று கொடுத்துவிடுவதாக இருந்தான்.

“அவங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயமில்ல சுகுணா,” என்றான். “அவங்க சொல்லி உனக்குத் தெரிஞ்சிருமேன்னுதான்.”

அவள் பதில் சொல்வதற்கு முன் மலர்விழி பேசினாள். காலையிலிருந்து அவள் பேசிய இரண்டாவது பேச்சு அது.

“எம் பையைக் கொட்டறப்போ நீங்க இங்கதான நின்னீங்க சார்?”

கதிரவன் வராந்தாவில் இறங்கி, கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தம் பக்கமாக நடந்து போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சவுரியப்பன் குனிந்து தரையில் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கினார். முனியம்மாளிடம் ஏதோ சொல்ல வந்தார். முனியம்மாள் கேட்க நிற்காமல், ஆறுமணி வரைக்கும் சூளையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

விழா பகல் பன்னிரண்டுக்குத்தான் தொடங்கியது. மலர்விழி கதை சொல்லமாட்டாள் என்றே சுகுணா நினைத்தாள். ஆனால் தீர்த்தம்மாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேச, அவள் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள். எழுதியவர் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். சுகுணா இருந்த திசையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, இது ஒரு தவளையோட கதை என்று ஆரம்பித்தாள். தவளை மலையேறும் இடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுகுணாவால் மேடையைப் பார்க்க முடியவில்லை.

நான்கு மணிக்கு எழுத்தாளரைத் தருமபுரி பேருந்து நிலையத்தில் விட அவளே காரை ஓட்டினாள். நெடுஞ்சாலை ஏறியதும் அவள் கேட்டாள். கதை முழுக்க உங்களோடதுதானேம்மா?

“கதை என்னோடதுதான். முடிவு இல்ல,” என்றார் தீர்த்தம்மாள். “என் தவளை திரும்பி வராது. ஆத்தைப் பாத்ததும் குதிச்சு நீந்திப் போயிரும். பிள்ளைங்க கைதட்டுவாங்க, அதோட முடிச்சிருவேன். கிணறு தனியா இருக்குமேன்னு திரும்பி வந்து உக்காருதே, அது அவர் வெச்சது. என்னைவிட நல்லா வெச்சிருக்கார்.”

சுகுணா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். மாங்காய் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காரை உலுக்கிவிட்டுப் போயின. அந்த முடிவுக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். கதையில் அவனுடையது என்று இருந்த ஒன்றே ஒன்றும் அதுதான். அவன் அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

அவள் தீர்த்தம்மாள் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் புள்ள பையைக் கொட்டறப்போ பேசாம நின்னதும் அவர்தாங்கம்மா.”

தீர்த்தம்மாளுக்கு அது தெளிவாகக் கேட்டது. சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைச் சாலையில் ஏற்றினாள்.